ரங்கூனிலிருந்து வந்த மவுத் ஆர்கன்: கருவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு?

'ஷோலே' படத்தைப் பார்க்காதவர்களுக்குக்கூட அந்த மெட்டு தெரிந்திருக்கும். இரவு நேரம். பெரிய வீட்டில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு விதவைப் பெண் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிறாள். எதிரே உட்கார்ந்து அமிதாப் பச்சன் மவுத் ஆர்கன் வாசிக்கிறார். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஊர் அனுமதிக்காத ஓர் அன்பை அந்தச் சின்னக் கருவி சொல்லிவிடுகிறது. 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியான படம். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த மெட்டு கைப்பேசிகளில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

வாசித்தது அமிதாப் அல்ல, பானு குப்தா. ஆர்.டி. பர்மனின் இசைக்குழுவில் இருந்தவர். 1930 வாக்கில் பர்மாவின் ரங்கூனில் பிறந்து, பிழைப்புக்காகக் கல்கத்தா வந்து, அங்கிருந்து பம்பாய் போனவர். படத்தைப் பத்து முறை பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

ஏற்காட்டில் எஸ்டேட் லைன் வீடுகளிலும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களிலும் வேலை செய்கிற நாங்கள், பம்பாய் சினிமாவின் மவுத் ஆர்கன் கலைஞர் ஒருவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? காரணம் இருக்கிறது. எந்தக் கருவியை யார் கையில் எடுக்கலாம், யார் கையில் எடுத்தே தீர வேண்டும் என்பது இந்த மலையில் இன்றும் சாதிக் கேள்வியாகவே இருக்கிறது. பானு குப்தாவின் வாழ்க்கையை எதிரில் வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி தெளிவாகத் தெரிகிறது.

முதலில் அவர் கதை. அவர் பிறந்த காலத்து ரங்கூன் பாதிக்கு மேல் இந்தியர்களின் நகரம். வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்களும், அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த வங்காளிகளும், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்கு, தமிழ்க் கூலிகளும் அங்கே இருந்தார்கள். 1930 மே மாதம் துறைமுக வேலையை ஒட்டி மூண்ட கலவரத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தத் தொழிலாளர்கள்தான். 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள். கப்பல் டிக்கெட்டுக்குக் காசு இல்லாதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே விழுந்தார்கள். அந்த நடைபாதைகளிலும் வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு வேறு வழி என்று பாகுபாடு காட்டப்பட்டதாக அப்போதே குற்றச்சாட்டு எழுந்தது.

சிறுவன் பானு ரங்கூனிலேயே இருந்தான். துறைமுகத்துக்கு வந்த பிரிட்டிஷ் மாலுமிகளிடம் மவுத் ஆர்கன் பழகினான். ஜப்பானிய மொழி கற்று, படையினருக்கு மொழிபெயர்ப்பு வேலையும் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. போர் முடிந்து சில ஆண்டுகளில் குடும்பம் கல்கத்தா வந்தது. அங்கே கிரிக்கெட் ஆடினார், எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தார், இரவு விடுதிகளில் மவுத் ஆர்கன் வாசித்தார். பம்பாய் போனபின் கிதாரையும் கையில் எடுத்தார். 1960களிலிருந்து ஆர்.டி. பர்மனின் நம்பிக்கைக்குரிய கிதார்க்காரர். 'அமர் பிரேம்' (1972) படத்தில் கிஷோர் குமார் பாடிய படகுப் பாட்டின் தொடக்கக் கிதார் அவருடையது. பயிற்சியின்போது விரல் தவறி விழுந்த ஒரு ஸ்வரத்தைக் கேட்ட பர்மன், "அதையே திரும்ப வாசி" என்ற பொருளில் சொல்ல, அதிலிருந்து அந்தப் பாட்டு பிறந்ததாக ஒரு கதை உண்டு. 2018 ஜனவரியில் மும்பையில் காலமானார்.

இந்த வாழ்க்கையை ஒரு சமூகவியல் மாணவர் போலப் படித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பு, கிரிக்கெட், எண்ணெய் நிறுவனம், மவுத் ஆர்கன், கிதார் என்று ஒரே ஆள் எத்தனை வேலை மாறியிருக்கிறார்! "உன் அப்பன் என்ன செய்தான், நீயும் அதையே செய்" என்று யாரும் அவரைத் தடுத்ததாகத் தெரியவில்லை. விரல் தவறினால்கூட அது பாட்டாகிவிட்டது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கி வைப்பது என்று அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். தொழிலைத் தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்க முடியாமல் போவதுதான் அதன் மையம். அந்த அளவுகோலை வைத்தால் பானு குப்தாவின் கதையில் நம்மை ஈர்க்க வேண்டியது அவர் திறமை மட்டுமல்ல. அந்தத் திறமைக்குக் கிடைத்த திறந்த கதவுகளும்தான்.

இப்போது இதே காலத்தில் இடம்பெயர்ந்த இன்னொரு கலைஞரைப் பாருங்கள். அவருக்குப் பெயர் கிடையாது, ஏனென்றால் யாரும் எழுதி வைக்கவில்லை. சேலம், திருச்சி, மதுரை மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்து இலங்கைத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். போனவர்களில் பெரும் பகுதி தலித் மக்கள். அவர்களோடு தப்பும் கடல் தாண்டியது. அங்கே விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிடத் தப்பு அடித்தார்கள். துரை கையில் கடிகாரம் இருந்தது, தொழிலாளிக்குத் தப்புச் சத்தம்தான் கடிகாரம். சாவுக்கும் அதே தப்பு, காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் அதே தப்பு. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கானோர் தாயகம் என்று சொல்லப்பட்ட இடத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது, தப்பு அடித்த கைகளும் திரும்பி வந்தன. கடல் தாண்டியும் அந்தக் கையின் சாதி மாறவில்லை. திரும்பி வந்தபோதும் மாறவில்லை.

ரங்கூனிலிருந்து வந்தவரும் புலம்பெயர்ந்தவர், இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவரும் புலம்பெயர்ந்தவர். ஒருவர் கருவியைச் சட்டைப் பையில் கொண்டுவந்தார். இன்னொருவர் மீது கருவி சுமத்தப்பட்டிருந்தது. பானு குப்தா மீது நமக்குக் காழ்ப்பு எதுவும் இல்லை. அவருக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

"மவுத் ஆர்கன் சுத்தமான கருவி, பறை மாட்டுத்தோல், அதனால்தான் வேறுபாடு" என்று சிலர் விளக்குவார்கள். அந்த விளக்கம் ஒரு நிமிடம்கூட நிற்காது. மவுத் ஆர்கன் வாயிலேயே வைத்து வாசிக்கிற, முழுக்க எச்சில் படுகிற கருவி. சாதிக் கணக்கில் எச்சிலைவிடப் பெரிய தீட்டு எது? ஆனாலும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் கையில் அது அழகாகவே இருந்தது. மிருதங்கத்தில் இருப்பதும் பசுத்தோல்தான். அந்தத் தோலைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, நாதம் வரச் செய்பவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்துவந்த குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு நூல் எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. தோல் மேடையேறலாம், தோலைப் பதப்படுத்தியவரின் பெயர் அரங்குக்குள் வருவதுதான் சிக்கல். ஆக, தீட்டு ஒருபோதும் பொருளில் இல்லை. யாரை எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துவதற்குச் சொல்லப்படும் காரணம்தான் தீட்டு.

அப்படியானால் கருவியை மாற்றினால் போதுமா? பறையைக் கீழே வைத்துவிட்டு மவுத் ஆர்கனையோ டிரம்பெட்டையோ எடுத்தால் விடுதலையா? இல்லை என்று வரலாறு சொல்கிறது. நம் ஊர்களிலேயே பாருங்கள். சாவுக்குப் பறை அடிக்க மறுத்த எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் பேண்டு செட்டுக்குப் போனார்கள். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை, சாதி இல்லாதவை. ஆனால் சில ஆண்டுகளில் "பேண்டு அடிக்கிறவன்" என்றாலே எந்தத் தெரு என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. வந்தேறிக் கருவிக்கும் நம் ஊர் சாதிச் சான்றிதழ் கொடுத்துவிட்டது!

அமெரிக்காவின் டிஃபோர்ட் பெய்லி கதை இன்னும் கசப்பானது. 1899இல் டென்னசி மாநிலத்தில் பிறந்த கறுப்பினக் கலைஞர். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். சிறுவயதில் போலியோ தாக்கி உடல் வளர்ச்சி குன்றியவர். ரயில் ஓடும் சத்தத்தை மவுத் ஆர்கனில் அப்படியே கொண்டுவருவார். நாஷ்வில் வானொலியின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியின் முதல் கறுப்பின நட்சத்திரம். அவரைக் கேட்கக் கூட்டம் கூடியது. ஆனால் சுற்றுப்பயணத்தில் வெள்ளைக் கலைஞர்கள் தங்கிய விடுதியில் அவருக்கு இடமில்லை, அவர்கள் சாப்பிட்ட உணவகத்தில் தட்டு இல்லை. 1941இல் அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். அதன்பின் பல ஆண்டுகள் ஷூ பாலிஷ் போடும் கடை நடத்திப் பிழைத்தார். 1982இல் இறந்தார். கண்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2005இல். செத்து 23 ஆண்டுகள் கழித்து!

இத்தனைக்கும் அந்தக் கருவிக்கே புது உயிர் கொடுத்தவர்கள் கறுப்பின மக்கள்தான். ஜெர்மனியில் உருவாகி, 1857 முதல் ஹோனர் நிறுவனம் தயாரித்துக் குவித்த மவுத் ஆர்கன், ஐரோப்பியக் கிராமத்து மெட்டுகளுக்காக அமைக்கப்பட்டது. ஊதினாலும் ஒலிக்கும், மூச்சை உள்ளே இழுத்தாலும் ஒலிக்கும். கறுப்பினக் கலைஞர்கள் இழுக்கும் மூச்சைப் பிரதானமாக்கினார்கள். ஸ்வரத்தை வளைத்து அழ வைத்தார்கள். செய்தவர்களுக்கே தெரியாத ஒலிகளை உள்ளேயிருந்து எடுத்தார்கள். ப்ளூஸ் இசையின் குரலாக அது மாறியது இப்படித்தான். கருவி யாருடையது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா? ஆனால் கருவியை வென்றவர்களால் விடுதியின் கதவைத் திறக்க முடியவில்லை. அதற்கு இசை போதவில்லை, போராட்டம் தேவைப்பட்டது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு வழியும் இப்போது நம் முன் இருக்கிறது. "பறை ஆதித் தமிழரின் கலை, அதைப் போற்றுவோம்" என்பது. இதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. கே.ஏ. குணசேகரன் முதல் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் வரை, இழிவின் அடையாளமாக இருந்த கருவியைத் தலைநிமிர்வின் அடையாளமாக மாற்றியவர்களின் உழைப்பு பெரியது. 2018 ஜனவரியில், பானு குப்தா இறந்த அதே மாதத்தில், சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியது. கானாவும் ராப்பும் பறையும் கிதாரும் ஒரே மேடையில் நின்றன. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இவை எல்லாம் வெற்றிகள்தான்.

ஆனால் மேடையில் போற்றப்படும் பறை வேறு, ஊரில் கட்டாயப்படுத்தப்படும் பறை வேறு. ஏற்காட்டில் மே மாதம் கோடை விழா நடக்கும். மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டம் நாட்டுப்புறக் கலைகளையும் கைதட்டி ரசிக்கும். கைதட்டி முடித்து மலையிறங்கிப் போகும் அதே ஆட்களின் சொந்த ஊரில் ஒரு சாவு விழுந்தால், சேரிக்கு ஆள் அனுப்புவது நிற்கவில்லை. வர மறுத்தால் வேலை இல்லை, கடன் இல்லை, தண்ணீர்த் தகராறு. பண்பாடு என்று ஒரு பக்கம் புகழ்ந்துகொண்டே மறுபக்கம் வெட்டி வேலை வாங்குவது வசதியான ஏற்பாடு.

எங்கள் வேலையில் நாங்கள் பார்த்த ஒன்றைச் சொல்கிறோம். எஸ்டேட் லைனில் வளரும் ஒரு பையன், ஏரிக்கரைக் கடையில் வாங்கிய மலிவு மவுத் ஆர்கனில் சினிமாப் பாட்டுகளைத் தானாகவே வாசிக்கப் பழகியிருந்தான். பள்ளி ஆண்டு விழாவில் வாசிக்கிறேன் என்று பெயர் கொடுத்தான். "இது எதுக்குடா? உங்க வீட்ல பறை இருக்குமே, உங்க ஆளுங்களோட அதை அடி. நல்லா இருக்கும்" என்று பதில் வந்தது. சொன்னவர் திட்டவில்லை, பாராட்டுகிற குரலில்தான் சொன்னார். பையன் விழாவுக்கே வரவில்லை. அவன் அப்பா எங்களிடம் கேட்டார்: "நான் எங்க அய்யாவோட அதை விட்டுட்டு மலைக்கு வந்தேன். பள்ளிக்கூடத்துல போயி அதையே எம்புள்ள கையில குடுக்கறாங்களே, இது என்னங்க நியாயம்?"

இந்தக் கேள்விக்குக் கலை வரலாற்றில் பதில் கிடையாது. அந்தப் பையன் நாளை பறை கற்க விரும்பினால் அது அவன் உரிமை. விரும்பவில்லை என்றால் அதுவும் அவன் உரிமை. அவன் சாதியைப் பார்த்து அவன் கருவியை இன்னொருவர் முடிவு செய்வது, அன்போடு செய்தாலும், சாதிதான். மவுத் ஆர்கன் வாசித்த வங்காளிச் சிறுவனிடம் "உன் பரம்பரைக் கருவி எங்கே?" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நம் பிள்ளைகளிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள்?

பரம்பரை என்று பேசுபவர்கள் இந்த மலையை ஒரு முறை சுற்றிப் பார்க்கட்டும். மலையாளி மக்களின் வாய்மொழிக் கதையே, காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மலைகளைப் பிரித்துக்கொண்டு குடியேறியதைத்தான் சொல்கிறது. காப்பியை இங்கே கொண்டுவந்தவர் 19ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். அந்தக் காப்பியும் அரபு நாட்டு வழியாக வந்தது. அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அவற்றைப் பறித்துச் சுமந்த தலித் தொழிலாளிகள் சமவெளியிலிருந்து வந்தார்கள். சேர்வராயன் மலையில் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். மரத்துக்கும் செடிக்கும் புது மண்ணில் புது வாழ்க்கை கிடைத்தது. மனிதரில் ஒரு பிரிவுக்கு மட்டும் பழைய வேலை பின்னாலேயே வந்தது.

'ஷோலே'யிலும் இது இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? அந்த ஊர்ப் பெரியவருக்குப் பல்தேவ் சிங் என்று பெயர் உண்டு. ஆனால் படம் முழுக்க எல்லோரும் அவரைக் கூப்பிடுவது 'தாக்கூர்' என்ற சாதிப் பட்டத்தால். எங்கிருந்தோ வந்த ஜெய், வீரு இருவருக்கும் ஊரும் இல்லை, சாதிப் பெயரும் இல்லை. மவுத் ஆர்கன் இருப்பது அந்த ஊரற்றவன் கையில். கடைசியில் அவன் சாகிறான். விதவையின் ஜன்னல் மூடிக்கொள்கிறது. ஊரின் ஒழுங்கு அப்படியே நிற்கிறது.

இளைய தோழர்களே, இதிலிருந்து நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, மறுக்கும் உரிமையைச் சட்டத்தோடு சேர்த்துப் பேசுவோம். பட்டியல் சாதி, பழங்குடி மக்களிடம் வெட்டி வேலை வாங்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015 திருத்தம் அதை இன்னும் விரிவாக்கியிருக்கிறது. தீண்டாமையின் பேரால் இழிதொழிலுக்குக் கட்டாயப்படுத்துவதை 1955இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் தண்டிக்கிறது. சாவுக்கு அடிக்க மறுத்ததற்காக ஒரு குடும்பத்தை ஒதுக்கினால், அதை ஊர்ப் பஞ்சாயத்தோடு முடிக்க விடக் கூடாது.

இரண்டு, எடுக்கும் உரிமையைக் கேட்போம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் மலையிலுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் இசை ஆசிரியரும், ஓர் அலமாரி நிறையக் கருவிகளும் வேண்டும். அந்த அலமாரியில் பறையும் இருக்கட்டும், வயலினும் கீபோர்டும் மவுத் ஆர்கனும் இருக்கட்டும். எந்தப் பிள்ளை எதை எடுப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பறையை மற்ற சாதிப் பிள்ளைகளும் எடுக்கட்டும். சாவு வீட்டிலும் அவர்களே அடிக்கட்டும், அதுதான் உண்மையான சோதனை.

மூன்று, பெயரைக் கேட்போம். நிகழ்ச்சிக்குப் பறைக் குழுவை அழைத்தால் அழைப்பிதழில் ஒவ்வொருவர் பெயரும் அச்சாக வேண்டும். பேசிய கூலி மேடை இறங்கியதும் கையில் சேர வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியாதவர்களைப் பதிய வைக்க ஒரு நாள் ஒதுக்குங்கள். எஸ்டேட்டுகளில் வயதானவர்கள் இருக்கும்போதே அவர்கள் கதையைப் பதிவு செய்யுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள், எதை விட முடியவில்லை என்று கேளுங்கள்.

பானு குப்தாவைப் பற்றி இன்று நம்மால் ஒரு கட்டுரை எழுத முடிகிறது. அவர் எங்கே பிறந்தார், யாரிடம் கற்றார், எந்தப் பாட்டில் வாசித்தார் என்று கேட்டு எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். பெரட்டுத் தப்பு அடித்தவரைப் பற்றி எழுத முயன்றால் முதல் வரியிலேயே பெயர் இல்லாமல் நிற்கிறோம். அந்த வரியை நிரப்பும் வேலை உங்களுடையது. காகிதமும் பேனாவும் கைப்பேசியும் உங்களிடம் இருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு லைன் வீட்டுக்குப் போய் உட்காருங்கள்.